ஹுவானா தெஹாடா வழக்கு: ஒரு பராமரிப்பாளரும் அவர் பெயரில் வந்த விதியும்

2003-ஆம் ஆண்டு ஹுவானா தெஹாடா என்ற பிலிப்பைன்ஸ் பெண் கனடாவில் வந்து இறங்கினார். கணவர் ஊரில் இருந்தார். கனடா அரசு அப்போது நடத்திவந்த 'வீட்டோடு தங்கும் பராமரிப்பாளர் திட்டம்' அவருக்கு விசா கொடுத்தது. திட்டம் சொன்ன பேச்சு இதுதான்: 3 ஆண்டுக்குள் குறைந்தது 24 மாதம் முதலாளியின் வீட்டிலேயே தங்கி, குழந்தையையோ முதியவரையோ மாற்றுத்திறனாளியையோ பார்த்துக்கொள்ள வேண்டும். முடித்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு, எல்லோரும் சொல்கிற பி.ஆருக்கு, மனுப் போடலாம். அது கைக்கு வந்தால் குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம்.

தெஹாடா தன் பங்கை முடித்துவிட்டு 2006-ல் மனுப் போட்டார். மனுவோடு கேட்கப்பட்ட மருத்துவப் பரிசோதனையில் பெருங்குடலில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. குடிவரவுத் துறை மனுவை நிராகரித்தது. இவருக்கு ஆகப்போகும் சிகிச்சைச் செலவு பொது மருத்துவத்தின் மேல் அளவு மீறிய சுமையாகும் என்பது சொல்லப்பட்ட காரணம்.

பிலிப்பைன்ஸ் பராமரிப்பாளர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களுடைய குடும்பப் பாசத்தையும் இறைப்பற்றையும் இரண்டு வரி புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அந்தப் பாசமும் பற்றும் எந்த விதியில் போய் முட்டின, கடைசியில் எந்த விதியை மாற்றின என்று குறிப்பாகச் சொல்ல முடிகிற வழக்கு இது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

திட்டம் வந்த வழி

வீட்டு வேலைக்கு வெளிநாட்டுப் பெண்களை வரவழைப்பது கனடாவுக்குப் பழைய பழக்கம். 1955-ல் கரீபியத் தீவுகளிலிருந்து பெண்களைக் கொண்டுவர ஒரு திட்டம் போட்டார்கள். 1970-களில் பிடி இறுகியது. தற்காலிக வேலை அனுமதியில் வரலாம், வேலை முடிந்தால் கிளம்ப வேண்டும். 1977-ல் 7 ஜமைக்கத் தாய்மார்களை நாடு கடத்த உத்தரவு போட்டார்கள். ஊரில் குழந்தைகள் இருப்பதை விண்ணப்பத்தில் மறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வேலை செய்யத் தகுதி இருக்கிறதென்றால் இங்கே வாழவும் எங்களுக்குத் தகுதி இருக்கிறது என்று அவர்கள் போராடி, 1979-ல் தங்கும் உரிமையை வாங்கினார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாக 1981-ல் வந்த திட்டம், 2 ஆண்டு வேலை பார்த்த வீட்டுப் பணியாளர் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம் என்று முதன்முதலாகச் சொன்னது. 1992-ல் அதைத் திருத்தித்தான் தெஹாடா வந்த திட்டத்தை உருவாக்கினார்கள். உள்ளே வர பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும். 6 மாதப் பயிற்சியோ ஓராண்டு அனுபவமோ வேண்டும். ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரிந்திருக்க வேண்டும்.

இந்த அளவுகோலுக்கு அச்சாகப் பொருந்தியவர்கள் பிலிப்பைன்ஸ் பெண்கள். அங்கே ஆங்கிலம் பள்ளியிலேயே வந்துவிடும். ஆசிரியப் படிப்பும் செவிலியர் படிப்பும் படித்த பெண்கள் ஏராளம், உள்ளூர்ச் சம்பளமோ குடும்பத்தைத் தாங்காது. 1974-ல் அந்நாட்டு அதிபர் மார்கோஸின் ஆட்சி கொண்டுவந்த தொழிலாளர் சட்டம் வெளிநாட்டு வேலையை அரசின் கொள்கையாகவே ஆக்கியது. கடன் நெருக்கடிக்கும் வேலையின்மைக்கும் அப்போது அது ஒரு தற்காலிக மருந்து என்றார்கள். மருந்து நின்றபாடில்லை. 1988-ல் ஹாங்காங் போன அதிபர் கொராசன் அக்கினோ, அங்கே வீட்டு வேலை செய்யும் தன் நாட்டுப் பெண்களைப் புதிய நாயகர்கள் என்று பாராட்டினார். 2009-ல் வெளிநாட்டில் இருந்தவர்கள் வங்கி வழியாக ஊருக்கு அனுப்பிய பணம் சுமார் 1,730 கோடி டாலர். ஒரு நாட்டின் பொருளாதாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மகள்களும் தாய்மார்களும் தந்தைமார்களும் மாதாமாதம் அனுப்பும் பணத்தில் நிற்கிறது என்றால், குடும்பப் பாசத்துக்கு அந்த அரசு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2000-களின் தொடக்கத்தில் மணிலாவிலும் மற்ற ஊர்களிலும் பராமரிப்புப் பயிற்சிப் பள்ளிகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. படுக்கையில் விரிப்பு மாற்றுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, குழந்தைக்குப் பால் கலக்குவது எல்லாம் 6 மாதப் பாடம். கல்லூரிப் பட்டம் வைத்திருந்தவர்களும் கட்டணம் கட்டி அந்தப் பாடத்தை உட்கார்ந்து படித்தார்கள்.

வீட்டோடு தங்குவது என்றால் என்ன

இந்த வேலையை எளிய வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு காலைப் பொழுதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். தானாக எழுந்திருக்க முடியாத 85 வயது மூதாட்டியை நாற்காலியில் உட்கார வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை வைத்து ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கும்போதே முதுகைத் தாங்கி நிமிர்த்த வேண்டும். உடனே நிற்க வைத்தால் தலை சுற்றி விழுவார், ஓரிரு நிமிடம் அப்படியே உட்காரட்டும் என்று பொறுக்க வேண்டும். அப்புறம் இடுப்பில் அகலமான பட்டையைக் கட்டி, அவர் முழங்காலுக்குத் தன் முழங்காலை அணை கொடுத்து, ஒன்று இரண்டு மூன்று எண்ணித் தூக்கி, பாதத்தை நகர்த்தித் திருப்பி, மெதுவாக இறக்க வேண்டும். உடை மாற்றும்போது குதிகாலையும் வால் எலும்பையும் பார்க்க வேண்டும். அங்கே தோல் சிவந்து, விரலால் அழுத்தியும் அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் ஆரம்பமாகிறது என்று பொருள். அதைத் தவறவிட்டால் சில நாளில் புண் உடைந்துவிடும், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

இதெல்லாம் ஒரு நாளின் முதல் அரை மணி நேரம். இதற்குப் பிறகு மாத்திரை, கஞ்சி, குளியல், துணி, மறதி நோய் இருந்தால் ஒரே கேள்விக்கு அறுபது தடவை பதில். ஒப்பந்தத் தாளில் வேலை நேரம் என்று ஒன்று எழுதியிருக்கும். ஆனால் பக்கத்து அறையிலேயே படுத்திருப்பவரை ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டால் அவர் எழுந்து வரத்தானே செய்வார். அந்த மணிக்குக் கணக்கு கிடையாது. வேலை அனுமதியில் முதலாளியின் பெயர் அச்சாகியிருக்கும். வேறு வீட்டுக்குப் போக வேண்டுமானால் புது அனுமதி வேண்டும், அது வர மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் சம்பாதிக்கவும் கூடாது. பார்த்துக்கொண்ட முதியவர் இறந்துபோனால், துக்கத்தோடு துக்கமாக வேலையும் போய்விடும். 3 ஆண்டு என்ற கெடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் சம்பளம் குறைத்தாலும், ஒப்பந்தத்தில் இல்லாத தோட்ட வேலையைத் தலையில் கட்டினாலும், வாயை மூடிக்கொண்டு 24 மாதத்தை ஓட்டியவர்களே அதிகம். பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டுமே என்ற ஒரே நினைப்புதான் அவர்களை ஓட்டியது. எவ்வளவு பொறுமையாகத் தாங்குவாள் என்பதைத் தாய்ப்பாசத்தை வைத்து அளந்து, அந்த அளவுக்குச் சரியாகப் பாரம் ஏற்றிய திட்டம் இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஊரோடு உள்ள உறவு ஒரு அட்டைப் பெட்டி வழியாகவும் நடந்தது. பாலிக்பயான் பெட்டி என்பார்கள். அறை மூலையில் திறந்தபடி நிற்கும் அந்தப் பெட்டியில், தள்ளுபடி விலையில் கிடைக்கும்போதெல்லாம் சோப்பு, துவாலை, டப்பா இறைச்சி, சாக்லேட், பள்ளிப் பை என்று மாதக்கணக்கில் சேரும். நிரம்பியதும் டேப் சுற்றிக் கப்பலில் ஏற்றுவார்கள். போய்ச் சேர ஏறக்குறைய 2 மாதம். பிள்ளையின் பாதத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்பச் சொல்லி, அந்த அளவுக்குச் செருப்பு வாங்குகிற வழக்கம் உண்டு. விவரம் தெரிந்த தாய் ஒரு அளவு கூட்டித்தான் வாங்குவாள். பெட்டி கடல் தாண்டுவதற்குள் பாதம் வளர்ந்துவிடும்.

பிரிவு எழுத்தில் இருப்பதைவிட எப்போதும் நீண்டது. 24 மாத வேலை, அப்புறம் மனு, அப்புறம் ஆவணச் சரிபார்ப்பு, அப்புறம் ஊரில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பரிசோதனை. எல்லாம் சேர்ந்து 6, 7 ஆண்டு என்று இழுத்துவிடும். வான்கூவரில் ஜெரால்டின் பிராட் என்ற புவியியல் பேராசிரியர் பிலிப்பினோ பெண்கள் அமைப்போடு சேர்ந்து பல ஆண்டுகள் இந்தக் குடும்பங்களை ஆராய்ந்தார். விமான நிலையத்தில் தாயும் பிள்ளையும் முன்பின் தெரியாதவர்கள்போல நிற்பது, பள்ளியில் பிள்ளைகள் பின்தங்குவது, பட்டதாரித் தாய் குடியுரிமை வாங்கிய பிறகும் துப்புரவு வேலையிலேயே தேங்கிப்போவது எல்லாம் அவருடைய ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை இவர்களுக்கு வேறு உலகம். பிலிப்பைன்ஸ் மக்களில் 10 பேருக்கு ஏறக்குறைய 8 பேர் கத்தோலிக்கர்கள். டொராண்டோவில் பாதர்ஸ்ட் தெருவும் வில்சன் அவென்யுவும் சந்திக்கும் பகுதியைச் சின்ன மணிலா என்பார்கள். அங்கே பணம் அனுப்பும் கடை, பெட்டி அனுப்பும் கடை, அரிசிச் சோறு போடும் உணவகம் எல்லாம் வரிசையாக இருக்கும். பாதர்ஸ்ட் தெருவிலேயே இருக்கும் விண்ணேற்பு அன்னை ஆலயம் இவர்களுக்குத் தாய்வீடு. திருப்பலிக்கு வருகிறவர் ஜெபமாலையோடு பணம் அனுப்பிய ரசீதையும் கைப்பையில் வைத்திருப்பார். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் வைகறைத் திருப்பலி அவர்கள் ஊர் மரபு. வேலைக்கும் பனிக்கும் ஏற்றபடி கனடாவில் அதை மாலைக்கு மாற்றி வைத்துக்கொண்டார்கள். சொந்தமாக ஒரு அறைகூட இல்லாதவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வார இறுதிக்கென்று ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுப்பார்கள். சனிக்கிழமை ராத்திரி அங்கே கூடி, சமைத்து, மாதா படத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றி ஜெபமாலை சொல்லிவிட்டு, தரையில் பாய் விரித்துத் தூங்குவார்கள்.

இறைவனிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று சொல்கிற பெண் எதையும் எதிர்க்க மாட்டாள் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கலாம். அங்கே நடந்தது வேறு. எந்த முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைக்கிறார், எந்த ஏஜென்ட் இல்லாத வேலைக்குப் பணம் வாங்குகிறார், எந்த வக்கீல் நேர்மையானவர் என்ற சேதியெல்லாம் பூசை முடிந்து காபி குடிக்கிற நேரத்தில்தான் கைமாறின. வயதில் மூத்தவரை ஆத்தே, அதாவது அக்கா, என்று அழைத்துப் புதிதாக வந்த பெண் தன் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டுவாள், அவர் படித்துப் பார்த்து எங்கே கோளாறு என்று சொல்வார். வீடு வீடாகச் சிதறிக் கிடந்தவர்களைத் தொழிற்சங்கத்தால் தேடிப் பிடிக்க முடியவில்லை, கோயில் அவர்களை வாரம் தவறாமல் ஓரிடத்தில் கூட்டியது. தெஹாடாவுக்கு ஆதரவு திரண்டபோது இந்த வலைப்பின்னல்தான் கைகொடுத்தது.

பரிசோதனை ஏன் இரண்டு முறை

வழக்கின் முடிச்சு இங்கே இருக்கிறது. பராமரிப்பாளராகக் கனடாவுக்குள் நுழையும் முன்பே ஒருவர் முழு மருத்துவப் பரிசோதனையில் தேறியாக வேண்டும். தெஹாடாவும் தேறித்தான் வந்தார். நிரந்தர வசிப்புரிமை கேட்கும்போது இன்னொரு முறை பரிசோதனை. நடுவில் இருந்த ஆண்டுகளில் வந்த நோய்க்கு அந்த இரண்டாவது பரிசோதனையில் தண்டனை.

2002-ல் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, ஒருவருடைய உடல்நிலை மருத்துவ, சமூக சேவைகளின் மேல் அளவு மீறிய தேவையை உண்டாக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடிந்தால் அவரை அனுமதிக்க வேண்டாம் என்கிறது. சராசரி கனடியருக்கு ஆகும் செலவை ஒரு கோடாக வைத்துக்கொண்டு, அடுத்த 5 ஆண்டுக்கு, தேவைப்பட்டால் 10 ஆண்டுக்கு, இவருடைய செலவு அந்தக் கோட்டைத் தாண்டுமா என்று பார்ப்பார்கள்.

இப்போது ஒரே மருத்துவமனையில் ஒரே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் நாலு பேரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பொறியாளராக நிரந்தர வசிப்புரிமையோடே வந்து இறங்கியவர். மூன்றாம் ஆண்டில் நோய் வந்தால் அவருக்குச் சிகிச்சை நடக்கும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இன்னொருவர் கனடியரின் மனைவியாக வருகிறவர். கணவன், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அதே 38-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. மூன்றாமவர் அகதி, அவருக்கும் விலக்கு உண்டு. கனடாவில் வாழும் ஈழத்தமிழர் பலருக்கு இந்த விலக்கின் அருமை தெரிந்திருக்கும். நாலாமவர் பராமரிப்பாளர். அந்த நாட்டின் வீடுகளுக்குள் 3 ஆண்டு உழைத்து, வருமான வரி கட்டி, ஓய்வூதிய நிதிக்கும் வேலையிழப்புக் காப்பீட்டுக்கும் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தவர். விலக்கு இல்லாதவர் இவர் ஒருவர்தான்.

நீதிமன்றம் இதைத் தொடாமல் இல்லை. 2005-ல் கனடா உச்ச நீதிமன்றம் ஹிலவிட்ஸ் வழக்கில் முக்கியமான தீர்ப்பு சொன்னது. நோயின் பெயரை மட்டும் பார்த்து மறுக்கக் கூடாது, அந்தக் குடும்பத்தின் உண்மையான நிலையையும் பார்க்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்த வழக்கில் இருந்தவை வசதியான குடும்பங்கள். அறிவுசார் குறைபாடுள்ள தங்கள் பிள்ளைகளுக்கான சமூக சேவைகளைச் சொந்தச் செலவில் பார்த்துக்கொள்ள முடியும் என்று அவர்களால் காட்ட முடிந்தது. புற்றுநோய்ச் சிகிச்சை அந்த வகையில் வராது. அது பொதுக் காப்பீட்டில் நடப்பது, நானே பணம் கட்டிவிடுகிறேன் என்று கொடுக்கும் உறுதிமொழியை அரசு கட்டாயப்படுத்தி வசூலிக்க முடியாது என்று கீழ் நீதிமன்றங்கள் முன்பே சொல்லியிருந்தன. அப்படியே முடிந்தாலும் மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்புகிறவர் எந்தப் பணத்தைக் காட்டுவார்?

என்னை மிகவும் உறுத்துவது கணக்கு போட்ட விதம். ஒரு முதியவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால், பொதுப்பணத்தில் நடக்கும் முதியோர் இல்லத்தில் ஒரு படுக்கை மிச்சம். படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டால் ஒரு மருத்துவமனைச் சேர்க்கை மிச்சம். மருத்துவ, சமூக சேவைகளின் மேல் விழும் பாரத்தைக் குறைப்பதே இந்தத் திட்டம் வாங்கிய உழைப்பு. அதைச் செய்து கொடுத்தவர்களில் ஒருவரைத்தான் அதே சேவைகளுக்குப் பாரம் என்று எழுதித் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அவரால் வரப்போகும் செலவுக்குத் தாளில் ஒரு கட்டம் இருந்தது, அவரால் மிச்சமானதை எழுத இடமே இல்லை.

ஒருவருக்குக் கிடைத்ததும், எல்லோருக்கும் கேட்டதும்

டொராண்டோ குடிவரவு வழக்கறிஞர் ரஃபேல் ஃபாப்ரிகாஸ் இந்த வழக்கை எடுத்துக்கொண்டார். பராமரிப்பாளர் அமைப்புகள், தொழிற்சங்கத்தார், பிலிப்பைன்ஸ் சமூகத்தினர் கூடினார்கள். கையெழுத்து இயக்கம் நடந்தது. நோயில் மெலிந்த நிலையிலும் தெஹாடா தன் கதையை வெளியே சொன்னார். பராமரிப்பாளர்கள் வாயே திறக்காத காலம் அது. திறந்தால் வேலை போகும், மனு கெடும் என்ற பயம். தனக்கு இழக்க ஒன்றும் மிச்சமில்லை என்பதால் அவர் பேசினார் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது அவருக்குச் செய்யும் நியாயமாகாது. நாட்டைவிட்டு அனுப்பப்படும் ஆபத்தும், வேலை அனுமதி போனால் சிகிச்சையே நின்றுபோகும் ஆபத்தும் அவர் தலைக்கு மேல் இருந்தன.

சட்டத்தின் 25-ஆம் பிரிவு மனிதாபிமான அடிப்படையில் விதிவிலக்குத் தர அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அந்த வழியில் 2008-ல் தெஹாடாவுக்கு நிரந்தர வசிப்புரிமை வழங்கப்பட்டது.

பெரும்பாலான வழக்குகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். செய்தித்தாளில் சிரித்த முகத்தோடு ஒரு படம் வரும், விதி அப்படியே இருக்கும், அடுத்த ஆண்டு அடுத்த பெண் வந்து அதே சுவரில் மோதுவாள். தெஹாடா தன் காரியம் முடிந்ததும் ஒதுங்கவில்லை. தன்னைப்போல இன்னொரு பராமரிப்பாளர் இந்த வேதனையை அனுபவிக்கக் கூடாது, இரண்டாவது பரிசோதனையையே எடுத்துவிட வேண்டும் என்று கேட்டார். ஃபாப்ரிகாஸும் அமைப்புகளும் அந்தக் கோரிக்கைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2009 மார்ச்சில் தெஹாடா இறந்தார். நாற்பது வயதைத் தொடவில்லை.

அந்த ஆண்டு காற்றும் மாறியிருந்தது. பராமரிப்பாளர்கள் ஏமாற்றப்படுவது பற்றி டொராண்டோ பத்திரிகைகளில் தொடர்ந்து செய்திகள் வந்தன. ஒன்டாரியோ மாகாணம் 2009 டிசம்பரில் சட்டம் இயற்றி, பராமரிப்பாளரிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்குவதையும் அவர்களுடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பதையும் தடை செய்தது. அதே மாதம் மத்தியக் குடிவரவு அமைச்சர் ஜேசன் கென்னி திட்டத்தைத் திருத்தப்போவதாக அறிவித்தார். குடியேறிய சமூகங்களின் வாக்கு மேல் அப்போதைய அரசுக்குக் கண் இருந்தது என்பதும் உண்மை. இருக்கட்டும், கோரிக்கை நியாயமாக இருந்து, அரசுக்கு அது அரசியலிலும் லாபமாக அமைந்தால் காரியம் விரைவாக நடக்கும். நடந்தது.

2010 ஏப்ரலில் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பராமரிப்பாளர் நிரந்தர வசிப்புரிமை கேட்கும்போது மறுபடியும் மருத்துவப் பரிசோதனை வேண்டாம் என்றானது. இது நாடாளுமன்றம் தனியாக இயற்றிய சட்டமல்ல, விதித் திருத்தம்தான். ஆனாலும் மக்கள் அதை ஹுவானா தெஹாடா சட்டம் என்றே சொல்கிறார்கள். கூடவே வேலைக் கெடுவை 3 ஆண்டிலிருந்து 4 ஆண்டாக நீட்டினார்கள். 24 மாதம் என்பதற்குப் பதிலாக 3,900 மணி நேரம் என்றும் கணக்குக் காட்டலாம், அதனால் கூடுதலாக உழைத்த நேரமும் கணக்கில் ஏறியது. வரும் பயணச் செலவையும் ஆள்சேர்ப்புக் கட்டணத்தையும் முதலாளியே ஏற்க வேண்டும் என்றும் வந்தது.

திருத்தம் தொடாத இடங்கள்

இந்த வெற்றியைப் பெரிதுபடுத்தவும் எனக்கு மனமில்லை, சிறுமைப்படுத்தவும் மனமில்லை. ஒரே ஒரு கோரிக்கையைத் தெளிவாக வைத்ததால்தான் அது கைகூடியது. முதலாளி வீட்டில்தான் தங்க வேண்டும், வேலை அனுமதியில் முதலாளி பெயர் இருக்கும், குடும்பம் ஊரில்தான் இருக்க வேண்டும் ஆகிய மூன்றும் அப்படியே நின்றன.

குடும்பத்தாருக்கான பரிசோதனையும் போகவில்லை. பராமரிப்பாளர் நல்ல உடல்நலத்தோடு இருந்தாலும், ஊரில் இருக்கும் ஒரு பிள்ளைக்குக் குறைபாடு இருந்தால் மொத்த மனுவும் விழுந்துவிடும். வான்கூவர் பக்கம் வேலை பார்த்த ஒரு பிலிப்பைன்ஸ் தாய்க்கு இது நேர்ந்தது. மகளுக்குக் காது கேட்காது என்பதைக் காரணம் காட்டி மனுவை முடக்கினார்கள். பொதுமக்கள் குரல் கொடுத்த பிறகு 2015-ல் அனுமதி கிடைத்தது. டொராண்டோவில் இன்னொரு தாய்க்கு, மகனுடைய அறிவுசார் குறைபாட்டால், பல ஆண்டு இழுபறி. அடுத்தவர் வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வளர்த்த கைகளிடம், உன் பிள்ளைக்கு உதவி அதிகம் தேவைப்படும், அதனால் நீயும் வேண்டாம் என்று சொன்ன விதி இது. தெஹாடா வழக்கில் இருந்த அதே கணக்குப் பிழை, அடுத்த தலைமுறையின் மேல் இறங்கியது.

2018 ஜூனில் அரசு அந்தச் செலவுக் கோட்டை மூன்று மடங்காக உயர்த்தியது. சிறப்புக் கல்வி, மறுவாழ்வுப் பயிற்சி, அன்றாட உதவி போன்றவற்றைச் செலவுக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. காது கேளாத பிள்ளை, கற்றல் குறைபாடுள்ள பிள்ளை என்ற காரணங்களால் வந்த மறுப்புகளுக்கு இதனால் பெருமளவு வழி அடைபட்டது. 38-ஆம் பிரிவு சட்டப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. விலை உயர்ந்த மருந்து தேவைப்படும் நோயாளியின் மேல் அது இன்றும் பாயும்.

வீட்டோடு தங்க வேண்டும் என்ற கட்டாயம் 2014 நவம்பர் இறுதியில் போனது. அத்தோடு, வேலையை முடித்தால் வசிப்புரிமைக்கு மனுப் போடலாம் என்ற பழைய உறுதியும் தளர்ந்து, ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு வந்தது. ஒரு கதவைத் திறந்தபோதே இன்னொன்றைச் சாத்தினார்கள் என்று பராமரிப்பாளர் அமைப்புகள் கோபப்பட்டன, அந்தக் கோபம் நியாயமானது. 2019-ல் தொடங்கிய சோதனைத் திட்டங்கள் முதலாளி பெயர் இல்லாத வேலை அனுமதியையும், குடும்பத்தைக் கூடவே அழைத்துவரும் வசதியையும் தந்தன. 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி கனடாவில் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர் சுமார் 9.57 லட்சம் பேர். அவர்களில் எத்தனையோ குடும்பங்களின் முதல் கனடியர், யாரோ ஒருவர் வீட்டின் கீழ்த்தள அறையில் தங்கி வேலை பார்த்த ஒரு பெண்.

2025 மார்ச் 31 அன்று அடுத்த கட்டச் சோதனைத் திட்டம் திறந்தது. இதில் தகுதி பெறுகிறவருக்குத் தொடக்கத்திலேயே நிரந்தர வசிப்புரிமை என்பது அடிப்படையாக இருந்தது. ஆனால் இடங்கள் மிகக் குறைவாக இருந்தன. கனடாவிலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கான இடங்கள் திறந்த அன்றே நிரம்பிவிட்டன. அந்த நாளில் மனுவை உள்ளே அனுப்ப முடியாமல் போனவர்கள், கையிலிருக்கும் வேலை அனுமதி முடிவதற்குள் வேறு வழி தேடிக்கொண்டு, மறுநாள் காலையும் யாரோ ஒரு முதியவரைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைக்கப் போனார்கள். அவர்களுடைய அமைப்புகள் இப்போது கேட்பது எல்லாப் பராமரிப்பாளருக்கும் வந்து இறங்கும்போதே வசிப்புரிமை.